இரண்டு பேர், ஒரு ஓடிஜி, ஐந்து ஊர் பீட்சா: எதைச் சுடலாம்?

வெளியே போக வேண்டாம், வீட்டிலேயே இரண்டு பேருக்கு ஒரு பீட்சா ராத்திரி என்று முடிவாகிவிடும். அதற்கப்புறம்தான் இழுபறி. நாப்போலியா, டெட்ராய்ட்டா, துருக்கியா என்று பட்டியல் நீண்டு, கடைசியில் "எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு பண்ணிடலாம்" என்று இறங்குவார்கள். ராத்திரி பத்தரைக்கு மூன்றாவது பீட்சா வெந்துகொண்டிருக்கும். ஒருவர் அடுப்படியில் வியர்த்து நிற்க, இன்னொருவர் கூடத்தில் போனைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ருசியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும். கீழே உள்ள ஐந்துமே சரியாகச் செய்தால் ருசிப்பவை, அதில் சண்டை இல்லை. உங்கள் அடுப்பு எவ்வளவு சூடு கொடுக்கும், பரிமாறும் நேரத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்ற இரண்டு கேள்விகளே பாதிப் பட்டியலை அடித்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

சூடு. ஓடிஜியின், அதாவது மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார அவனின், குமிழில் 250 என்று போட்டிருக்கும். சின்ன ஓடிஜிகள் பல 230-லேயே நின்றுவிடும். அந்த எண்ணும் உள்ளே இருக்கும் காற்றின் சூட்டைத்தான் சொல்கிறது. பீட்சாவின் அடிப்பக்கத்தை வேகவைப்பது அது உட்கார்ந்திருக்கும் தட்டு. தட்டு மெல்லிய அலுமினியமாக இருந்தால், பச்சை மாவு பட்டதும் அதன் சூடு சட்டென்று இறங்கிவிடும். மேலே சீஸ் பொன்னிறமாகி அடியில் மாவு வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பலவற்றில் உச்சமே 200, 220 டிகிரிதான். அதில் மைக்ரோவேவ் முறையைக் கலந்து ஓட்டினால் மாவு ரப்பராகிவிடும்.

நேரம். மாவு தானாக ஊறும் நேரத்தையும் உங்கள் கை வேலை செய்யும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவு உங்களிடம் கேட்பது 15 நிமிடம்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் யோசனை வந்தால் அந்த மாவு கிடைக்காது.

பரிமாறும்போது கை. வெந்ததும் உடனே தின்ன வேண்டிய பீட்சா, ஒவ்வொன்றாக வேக வேண்டிய பீட்சா, இந்த இரண்டு குணமும் சேர்ந்தால் இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாது.

மறைமுகச் செலவு. மின்சாரத்துக்குப் பயப்படத் தேவையில்லை. 1,500 வாட் ஓடிஜி 20 நிமிடம் முன்சூடும் 15 நிமிட வேக்காடும் ஓடினால் ஒரு யூனிட் கூட வராது. காசு போவது வேறு வழியில்: பாதி மிஞ்சி நாலாவது நாள் பூஞ்சை பிடிக்கும் தக்காளி டின், ஒரு கரண்டி எடுத்துவிட்டு மறந்துபோகும் இறக்குமதி மசாலா, ஆசையில் வாங்கிய பீட்சா கல். கடைசியாகச் சொன்னதைச் சின்ன ஓடிஜிக்கு வாங்கவே வேண்டாம். சூடேற முக்கால் மணிக்கு மேல் எடுக்கும், கீழ்க் கம்பியின் சூட்டையும் மறைக்கும்.

வயிறு. இரண்டு பேருக்குச் சேர்த்து 500 கிராம் பிசைந்த மாவே தாராளம். மூன்று நாடு, நாலு நாடு என்று போகிறவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

| வகை | வேகும் விதம் (வீட்டில்) | மாவு ஊறல் | பரிமாறும்போது வேலை | தேட வேண்டிய பொருள் | வயிற்றுக்கு |
|---|---|---|---|---|---|
| நாப்போலி மார்கரீட்டா | தோசைக்கல் 2 நிமிடம் + மேல்கம்பி 4–5 நிமிடம் | 24 மணி | ஒவ்வொன்றுக்கும் ஒருவர் முழுதாக | தக்காளி டின், ஃப்ரெஷ் மொசரெல்லா | மிதம் |
| டெட்ராய்ட் | 250 டிகிரி, 13–15 நிமிடம் | 2 மணி | இல்லை | 8 அங்குலச் சதுர டின் | கனம் |
| புவெனோஸ் ஐரெஸ் ஃபுகாசேட்டா | 230 டிகிரி, 22–25 நிமிடம் | 1½ மணி | இல்லை | 250 கிராம் மொசரெல்லா | மிகக் கனம் |
| துருக்கி லஹ்மஜூன் | தோசைக்கல், ஒன்றுக்கு 5 நிமிடம் | 45 நிமிடம் | இருவருக்கும் பங்கு | கொத்துக்கறி, பார்ஸ்லி | லேசு |
| ஜார்ஜியா அஜாருலி கச்சாபுரி | 230 டிகிரி, 16–17 நிமிடம் | 1¼ மணி | கடைசி 3 நிமிடம் | ஃபெட்டா சீஸ் | கனம் |

எல்லா அளவுகளும் நம் கடை மைதாவுக்கு. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் ரொட்டி மாவில் புரதம் கூடுதல், அது அதிகத் தண்ணீரை இழுக்கும். அந்த அளவுத் தண்ணீரை மைதாவில் ஊற்றினால் மாவு கையிலேயே கரையும். ஈஸ்ட் என்று சொல்வது இன்ஸ்டன்ட் ஈஸ்ட். அறைச் சூடு 30 டிகிரி என்று வைத்து நேரம் போட்டிருக்கிறது. மார்கழிக் குளிரில் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

## நாப்போலி: எல்லோரும் ஆசைப்படுவது, வீட்டு அடுப்பில் கஷ்டமானது

நாப்போலி என்பது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். 1984-ல் தொடங்கிய நாப்போலி பீட்சா சங்கத்தின் விதிப்படி பிசைந்த மாவில் நான்கே பொருள்: மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். விறகடுப்பு 430 முதல் 485 டிகிரி வரை கொதிக்கும். பீட்சா 60 முதல் 90 நொடியில் வெளியே வந்துவிடும். அந்தக் கைவேலையைத்தான் யுனெஸ்கோ 2017-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்த 90 நொடிதான் சூட்சுமம். விளிம்பு உப்பி, கருப்புப் புள்ளி விழுந்துவிடும். உள்ளே ஈரம் வெளியேற நேரமே இருக்காது. அதே மாவை 250 டிகிரியில் வைத்தால் 10, 12 நிமிடம் ஆகும், ஈரமெல்லாம் போய்விடும். மாவில் சர்க்கரையும் எண்ணெயும் இல்லாததால் நிறமும் சீக்கிரம் ஏறாது. "இன்னும் சிவக்கலையே" என்று மூன்று நிமிடம் கூட்டுவார்கள், கடைசியில் வருவது தக்காளி தடவிய ரஸ்க்.

இதைச் சமாளிக்க விதியை இரண்டு இடத்தில் மீற வேண்டும். ஒன்று, மாவில் கொஞ்சம் சர்க்கரையும் எண்ணெயும். இரண்டு, அடிப்பக்கத்தை ஓடிஜியை நம்பி விடாமல் கனமான இரும்புத் தோசைக்கல்லில் வேகவைப்பது. நான்ஸ்டிக் கல்லை இதற்கு எடுக்காதீர்கள். வெறும் கல்லாகக் கடுந்தீயில் காயவைத்தால் அதன் பூச்சு கெட்டுவிடும்.

இரண்டு பீட்சாவுக்கு: மைதா 300 கிராம், தண்ணீர் 190 மில்லி, உப்பு 7 கிராம், ஈஸ்ட் கால் டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், எண்ணெய் 2 டீஸ்பூன். பிசைந்து ஒரு மணி நேரம் வெளியே, பிறகு இரண்டு உருண்டையாக மூடி 24 மணி ஃப்ரிட்ஜில். தட்டுவதற்கு ஒன்றரை மணி முன்பு வெளியே எடுத்து வைக்க வேண்டும். குளிர்ந்த மாவு இழுக்க இழுக்கச் சுருங்கும், கோபத்தில் இழுத்தால் நடுவில் கிழியும்.

கல்லைக் கடுந்தீயில் 4, 5 நிமிடம் காயவையுங்கள். அதே நேரம் ஓடிஜியின் மேல்கம்பி முழுச் சூட்டில், தட்டு மேல் அடுக்கில் இருக்கட்டும். கையால் 25 சென்டிமீட்டருக்குத் தட்டிய மாவைக் கல்லில் போட்டு, அங்கேயே 70 கிராம் தக்காளி, 80 கிராம் சீஸ். இரண்டு நிமிடத்தில் அடியில் புள்ளிகள் வரும். தோசைத் திருப்பியால் எடுத்து, கல்லை விட்டுவிட்டு பீட்சாவை மட்டும் ஓடிஜித் தட்டுக்கு மாற்றி, 4, 5 நிமிடம்.

கெடும் இடம் பெரும்பாலும் சீஸ். உப்புத் தண்ணீரில் மிதக்கும் ஃப்ரெஷ் மொசரெல்லாவை அப்படியே போட்டால் நடுவில் குளம் கட்டும். நறுக்கி ஒன்றரை மணி நேரம் வடிகட்டியில் வைத்துவிட்டுப் போடுங்கள். தக்காளியை வேகவைக்கக் கூடாது, டின் தக்காளியைக் கையால் நசுக்கி உப்புப் போட்டால் போதும். 400 கிராம் டின்னில் இரண்டு பீட்சாவுக்கு 140 கிராம்தான் செலவாகும். மிச்சத்தை அன்றைக்கே சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் போட்டால்தான் அந்தக் காசு மிச்சம். பேசில் கிடைக்காவிட்டால் துளசி போடாதீர்கள், கிராம்பு வாடை அடிக்கும். திருநீற்றுப்பச்சிலைதான் பேசிலின் சொந்த இனம், சப்ஜா விதை தரும் செடி. வாசம் கொஞ்சம் தூக்கல், நாலு இலை போதும், இறக்கிய பிறகு.

யாருக்கு: முன்பே மாவு பழகியவர்களுக்கு, அடுப்படித் திண்டிலேயே நின்று ஒரே பீட்சாவை இரண்டாக வெட்டிச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததைப் போடத் தயாராக இருப்பவர்களுக்கு. மேசை, மெழுகுவர்த்தி எல்லாம் போட்டு உட்காரும் திட்டம் என்றால் இது வேண்டாம். பேச்சுக்கு மட்டும் நல்ல சரக்கு இதில் உண்டு. 1889-ல் ராணி மார்கெரிட்டாவுக்காக இத்தாலியக் கொடியின் மூன்று நிறத்தில் செய்தார்கள் என்ற கதையைச் சொல்லலாம். அதற்கு ஆதாரமாகக் காட்டும் கடிதத்தையே ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால் இன்னும் கால் மணி ஓடும்.

## டெட்ராய்ட்: வீட்டு ஓடிஜிக்கென்றே பிறந்த மாதிரி

அமெரிக்காவின் கார் நகரம். 1946-ல் பட்டீஸ் என்ற கடையில் சதுர பீட்சா சுடத் தொடங்கினார்கள். அதற்கு எடுத்த கனமான, கருத்த எஃகுத் தட்டுகள் கார் தொழிற்சாலைகளில் சின்னச் சின்ன உதிரிபாகம் போட்டுவைக்கப் புழங்கியவை என்பார்கள். இந்த பீட்சாவுக்கு எல்லாமே அந்தத் தட்டுதான். ஆழமான, எண்ணெய் தடவிய டின்னுக்குள் மாவு பொரிகிற மாதிரி வேகும். அதனால் 250 டிகிரியே போதும், 230 ஓடிஜியில் 17, 18 நிமிடம் வைத்தாலும் குறை தெரியாது.

8 அங்குலச் சதுர கேக் டின் ஒன்றுக்கு: மைதா 150 கிராம், தண்ணீர் 105 மில்லி, உப்பு அரை டீஸ்பூன், ஈஸ்ட் அரை டீஸ்பூன், எண்ணெய் 1 டீஸ்பூன். மாவு ஒட்டும், ஒட்டட்டும். மைதாவைத் தூவித் தூவிப் பிசைந்தால் கடைசியில் பன் கிடைக்கும். கரண்டியால் கலக்கி, 15 நிமிடம் விட்டு, ஈரக் கையால் நாலு பக்கமும் மடித்து, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். டின்னில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, மாவை அதில் இறக்கி விரல் நுனியால் பரப்ப வேண்டும். மூலைக்குப் போகாமல் பின்வாங்கினால் 10 நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பரப்புங்கள், வழிக்கு வரும். இன்னும் முக்கால் மணி ஊறல்.

அங்கே போடுவது விஸ்கான்சின் மாநிலத்து பிரிக் சீஸ், கொழுப்பும் வெண்ணெய் வாசமும் உள்ளது. இங்கே 110 கிராம் கட்டி மொசரெல்லாவும் 40 கிராம் செடாரும் கலந்தால் அந்த இடத்தை நிரப்பும். ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, முதலில் ஓரத்தைச் சுற்றி, டின்னின் சுவரில் ஒட்டுகிற மாதிரி அடுக்குங்கள். பிறகுதான் நடுவில். உறைந்த பாக்கெட் சீஸ் என்றால் முழுக்க உருகவிட்டுத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு போனால் ஓரம் பொரியாது, அவியும்.

சுவரோரச் சீஸ் வழிந்து இறங்கி, எண்ணெயில் பொரிந்து, கருஞ்சிவப்பாக ஒரு வேலி மாதிரி நிற்கும். ஓடிஜிக் கதவுக்குப் பக்கத்தில் காதை வைத்தால், முதலில் வடை பொரிகிற மாதிரி சளசளப்பு கேட்கும். 12-வது நிமிடத்துக்கு மேல் அது ஓய்ந்து மெல்லிய படபடப்பாக மாறும். அதுதான் எடுக்கும் நேரம். ஓரம் பொன்னிறத்தில் இருக்கும்போதே எடுத்தால் சவசவ என்று இழுக்கும். கருப்பதற்கு ஒரு படி முன்னால் வரை தைரியமாக விடுங்கள். எடுத்து இரண்டு நிமிடத்துக்குள் மெல்லிய திருப்பியைச் சுவரோரம் விட்டுச் சுற்றி வர வேண்டும். ஆறவிட்டால் அந்த வேலி டின்னோடு கல்யாணம் செய்துகொள்ளும்.

சாஸ் மேலேதான், இரண்டு பட்டையாக. 200 கிராம் தக்காளி விழுதை பூண்டு, ஆரிகானோ, மிளகாய்த் தூளோடு பாதியாகச் சுண்டவைத்தது. மெல்லிய வெள்ளை அலுமினிய டின் மட்டும்தான் இருக்கிறதா? முன்சூடேறிய கருப்புத் தட்டின் மேல் நேராக வையுங்கள், அடி சிவக்கும்.

மறைமுகச் செலவு ஒரே ஒரு டின், அதுவும் கேக்குக்கு உதவும். எண்ணெய் ஊறிய டின்னைக் கழுவுவதுதான் தொல்லை, வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். வேகும் 15 நிமிடமும் இருவரும் கூடத்தில் இருக்கலாம். முதல் முறை செய்பவர்களுக்கு யோசிக்காமல் இதைத்தான் சொல்வோம். மிஞ்சிய துண்டு மறுநாள் தோசைக்கல்லில் சிறுதீயில், மூடி போட்டு 4 நிமிடம் வைத்தால் முதல் நாள் மொறுமொறுப்பு திரும்பும். இந்த ஐந்தில் வேறெதற்கும் அந்த யோகம் இல்லை.

## புவெனோஸ் ஐரெஸ்: வெங்காயப் பிரியர்களுக்கு மட்டும்

ஜெனோவாவிலிருந்து கப்பலேறி அர்ஜென்டினாவின் லா போக்கா துறைமுகப் பகுதியில் குடியேறியவர்கள் கொண்டுபோன ரொட்டி வகை அங்கே ஃபுகாசா ஆயிற்று. நடுவில் சீஸ் வைத்து மேலே இன்னொரு மாவு மூடினால் ஃபுகாசேட்டா. தக்காளியே கிடையாது. மேலே மலையாக வெங்காயம்.

மைதா 250, தண்ணீர் 155, உப்பு 5 கிராம், ஈஸ்ட் முக்கால் டீஸ்பூன், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. 9 அங்குல வட்ட டின்னில் பெரிய உருண்டை கீழே, 250 கிராம் மொசரெல்லா நடுவில், சின்ன உருண்டையை மெல்லிசாகத் தேய்த்து மேலே மூடி ஓரத்தை அழுத்துங்கள். நாலைந்து இடத்தில் குத்திவிடாவிட்டால் மேல்மாவு பலூனாக உப்பி வெங்காயத்தைத் தள்ளிவிடும். வெங்காயம் 300 கிராம், மெல்லிய வளையங்களாக. ஒரு டீஸ்பூன் உப்பில் அரை மணி புரட்டி வைத்து, அலசி, இறுக்கப் பிழிந்து போட வேண்டும். இதைத் தவிர்த்தால் மேல்மாவு வேகாது, காரமும் தங்கும்.

இதோடு ஃபைனா என்ற கடலை மாவு அடை சாப்பிடுவார்கள், சில சமயம் பீட்சாத் துண்டின் மேலேயே வைத்து. கடலை மாவு 100 கிராம், தண்ணீர் 300 மில்லி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு. இரண்டு மணிக்கு மேல் ஊறி, மேலே கட்டும் நுரையை வழித்தெடுத்து, சூடான டின்னில் ஊற்றி 230 டிகிரியில் 25 நிமிடம். கொண்டைக்கடலை மாவில் செய்வது அது. நம் கடலை மாவிலும் குறையில்லாமல் வரும். ஊறல் போதாவிட்டால் பச்சை வாடை காட்டிக் கொடுத்துவிடும்.

செலவு முழுக்கச் சீஸில். ஒரு ஆளுக்கு 125 கிராம் சீஸ் சாப்பிட்டுவிட்டு ராத்திரி வேறு ஒன்றும் செய்யத் தோன்றாது, தூக்கம் வரும். வெங்காய வாயைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு பேரும் சாப்பிட்டால் யாருக்கும் தெரியாது. நாலு பேர் கூடும் ராத்திரிக்கு இது முதல் தேர்வு, இரண்டு பேருக்குக் கடைசி.

## துருக்கி: ஓடிஜி இல்லாத வீட்டுக்கு

லஹ்மஜூனை "துருக்கி பீட்சா" என்று அழைப்பது ஜெர்மனி, நெதர்லாந்துப் பழக்கம். துருக்கியில் அது லஹ்மஜூன்தான். பெயர் அரபியிலிருந்து வந்தது, மாவோடு கறி என்று பொருள். சீஸ் கிடையாது. மெல்லிய மாவின் மேல் மசாலாக் கொத்துக்கறியை விழுதாகத் தடவிச் சுட்டு, வெங்காயமும் பார்ஸ்லியும் வைத்து, எலுமிச்சை பிழிந்து, சுருட்டித் தின்பது. கூடக் குடிப்பது ஐரான், அதாவது உப்புப் போட்ட மோர். தாளிப்பும் பெருங்காயமும் வேண்டாம்.

நான்கு லஹ்மஜூனுக்கு மைதா 200 கிராம், தண்ணீர் 120 மில்லி, உப்பு அரை டீஸ்பூன், ஈஸ்ட் கால் டீஸ்பூன், எண்ணெய் 1 டீஸ்பூன். முக்கால் மணி ஊறினால் போதும், உப்ப வேண்டிய மாவு இல்லை இது. 80 கிராம் உருண்டைகளைச் சப்பாத்திக் கட்டையால் 20 சென்டிமீட்டருக்கு, 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள்.

கறி 150 கிராம். கடையில் "கொழுப்போடு கொத்திக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். நம் வெள்ளாட்டுக் கறி கொழுப்பில்லாமல் வந்தால் வெந்ததும் மணல் மாதிரி உதிரும். ஒரு வெங்காயம், விதை நீக்கிய ஒரு தக்காளி, பாதி குடைமிளகாய், இரண்டு பல் பூண்டு, ஒரு கைப்பிடி பார்ஸ்லி எல்லாவற்றையும் கத்தியால் பொடியாகக் கொத்தி, துணியில் பிழிந்து, பிறகு கறியில் சேர்க்க வேண்டும். மிக்சியில் அடித்தால் தண்ணீர் விட்டு மாவு நமத்துப்போகும். அங்கே சேர்க்கும் மிளகாய் விழுதுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி தக்காளிப் பேஸ்ட்டும் ஒரு டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த் தூளும். கரம் மசாலா வேண்டாம், போட்டால் கீமா பரோட்டா ஆகிவிடும். அதுவும் நல்லதுதான், ஆனால் துருக்கி போய்விட்டது.

ஒன்றுக்கு 60 கிராம் கலவை, ஓரம் வரை, மாவு தெரியாத அளவுக்கு மட்டும் மெல்லிசாக. தடித்தால் கறி வேகும்முன் அடி கருகும். காய்ந்த தோசைக்கல்லில் ஒரு நிமிடம் திறந்து, பிறகு மூடி போட்டு மிதமான தீயில் 4 நிமிடம். கறியில் சிவப்பு போய், ஓரத்தில் கொழுப்பு சலசலத்தால் ஆயிற்று. சுட்டதை இரண்டிரண்டாகக் கறிப்பக்கம் உள்ளே வைத்து அடுக்கித் துணியால் மூடினால் சுருட்டும் பதத்தில் மிருதுவாக இருக்கும். இப்படி அடுக்கலாம் என்பதால் முதலில் சுட்டது காத்திருக்கலாம், நாப்போலியில் இது நடக்காது.

ஒருவர் தேய்க்க, ஒருவர் தடவ, இருபது நிமிடத்தில் நாலும் தயார். சேர்ந்து வேலை செய்யப் பிடித்த ஜோடிக்கு இதை விட்டால் வேறு இல்லை. சைவ வீட்டில் 200 கிராம் காளானைப் பொடியாகக் கொத்தித் தண்ணீர் வற்ற வதக்கிச் செய்யலாம். சுமாராக இருக்கும். சைவக்காரர்கள் நேராக அடுத்ததற்குப் போவது நல்லது, முட்டை சாப்பிடுவார்கள் என்றால்.

## ஜார்ஜியா: இரண்டு பேர், ஒரே தட்டு

கருங்கடல் ஓரத்து அஜாரா பகுதி, பாத்துமி நகரம். படகு வடிவ ரொட்டி, நடுவில் உருகிய சீஸ், அதன் மேல் முட்டை, ஒரு துண்டு வெண்ணெய். பீட்சாவா என்று கேட்டால் ஜார்ஜியாக்காரர்கள் முறைப்பார்கள். இந்தப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம், இரண்டு பேர் ஒரே தட்டில் இரண்டு முனையிலிருந்து பிய்த்துச் சாப்பிட இதைவிடத் தோதான பண்டம் இல்லை. அந்த ஊரில் கச்சாபுரி எவ்வளவு முக்கியம் என்றால், தலைநகர் திபிலிசியில் உள்ள பொருளாதாரப் பள்ளி ஒன்று கச்சாபுரி செய்ய ஆகும் மாவு, சீஸ், எரிபொருள் செலவை வைத்து விலைவாசிக் குறியீடே போடுகிறது.

ஒரு படகுக்கு: மைதா 150 கிராம், பால் 50 மில்லி, தண்ணீர் 45 மில்லி, ஈஸ்ட் அரை டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் 2 டீஸ்பூன். சீஸ் அங்கே சுல்குனியும் இமேருலியும். இங்கே 90 கிராம் மொசரெல்லா, 60 கிராம் ஃபெட்டா. ஃபெட்டாவை 20 நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து ஒற்றிவிடுங்கள், இல்லையென்றால் உப்புக் கரிக்கும். பன்னீரை மட்டும் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். புளிப்பு சேர்த்துத் திரித்த சீஸ் எவ்வளவு சூட்டிலும் உருகாது. ஃபெட்டா கிடைக்காவிட்டால் மொசரெல்லாவை 110 ஆக்கி, 40 கிராம் பன்னீரை உப்போடு உதிர்த்துக் கலக்கலாம்.

மாவை 25 சென்டிமீட்டர் நீள முட்டை வடிவத்துக்குத் தேய்த்து, நீள வாக்கில் இரு ஓரத்தையும் உள்ளே சுருட்டி, முனைகளை இரண்டு முறை முறுக்குங்கள். முறுக்கு தளர்ந்தால் வேகும்போது பிரிந்து சீஸ் தட்டில் ஓடும். நடுவில் சீஸ், 230 டிகிரியில் 14 நிமிடம். விளிம்பு சிவந்ததும் வெளியே எடுத்து, சீஸில் கரண்டியால் ஒரு பள்ளம் போட்டு முட்டையை உடைத்து ஊற்றி இன்னும் 2, 3 நிமிடம்.

மேசைக்கு வந்ததும் 15 கிராம் வெண்ணெயை ஓரமாக வையுங்கள். முள்கரண்டியால் மஞ்சள் கருவைக் குத்தி, வெண்ணெயோடு சேர்த்து அடியிலிருந்து வேகமாகக் கலக்கினால் சீஸின் சூட்டிலேயே முட்டை கெட்டிப்பட்டு, எல்லாம் பளபளவென்று நூல் நூலாக இழுபடும் ஒரு குழம்பாகும். முனையைப் பிய்த்து முக்க வேண்டியதுதான். இதைச் செய்ய உங்களுக்கு ஒரு நிமிடம்தான் இருக்கிறது. போட்டோ எடுக்கிறேன் என்று மூன்று நிமிடம் நின்றால் சீஸ் இறுகி, முட்டை தனியாக, வெண்ணெய் தனியாக நிற்கும். அரைவேக்காட்டு முட்டை ஆகாதவர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள், முட்டையை ஊற்றிய பின் 6, 7 நிமிடம் விட்டு முழுக்கக் கெட்டியாக்கியே சாப்பிட வேண்டும். அழகு குறையும், அவ்வளவுதான்.

மறுநாளைக்கு வைக்க முடியாது. இதன் மறைமுகச் செலவு அதுதான், கூடவே பாதி மிஞ்சும் ஃபெட்டா. அதை உப்புத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் சாலட்டில் தீர்த்துவிடலாம்.

## ஈஸ்ட் இல்லை, நேரமும் இல்லை என்றால்

பிரான்சின் அல்சாஸ் பகுதியில், ரொட்டி சுடும் முன் விறகடுப்பின் சூடு பார்க்கப் போட்ட மெல்லிய அப்பம் ஒன்று உண்டு, ஃபிளாம்குஹன். ஈஸ்ட் இல்லாமலும் செய்வார்கள்: மைதா 150, தண்ணீர் 75, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, அரை டீஸ்பூன் உப்பு, 20 நிமிடம் ஊறல். அப்பளம்போலத் தேய்த்து, துணியில் வடித்த கெட்டித் தயிரும் ஃப்ரெஷ் கிரீமும் சம அளவில் தடவி, மெல்லிய வெங்காயம், பன்றிக்கறி பேக்கன் அல்லது காளான், 250 டிகிரியில் 9 நிமிடம். புளித்த தயிர் மட்டும் ஆகாது.

## இரண்டு ஊர் வேண்டும் என்று அடம்பிடித்தால்

டெட்ராய்ட்டையும் ஃபுகாசேட்டாவையும் சேர்க்காதீர்கள், இரண்டும் சீஸ் மூட்டை. நாப்போலியோடு எதையும் சேர்க்காதீர்கள், கை போதாது. பொருந்தும் ஜோடி லஹ்மஜூனும் கச்சாபுரியும்: ஒன்று கேஸ் அடுப்பில், மற்றது ஓடிஜியில், ஒன்று லேசு, மற்றது கனம். மாவும் ஒன்றே போதும். மைதா 350 கிராம், தண்ணீர் 215 மில்லி, உப்பு 7 கிராம், ஈஸ்ட் முக்கால் டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. இதில் 255 கிராம் படகுக்கு, மீதியில் 80 கிராம் உருண்டை நாலு.

எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் கணக்கு இப்படி. 6.15-க்கு மாவு பிசைந்து மூடுங்கள். 7.00-க்குக் கறிக் கலவை, ஃபெட்டா ஊறல், மோர். 7.30-க்கு உருண்டை பிடித்து, 7.45-க்கு ஓடிஜியைப் போடுங்கள். படகைச் செய்து சீஸ் நிரப்பித் தட்டில் தயாராக வைத்துவிட்டு, லஹ்மஜூனை இருவருமாகத் தேய்த்துத் தடவி, இரண்டை மட்டும் சுடுங்கள். மற்ற இரண்டு உருண்டையும் எண்ணெய் தடவி ஃப்ரிட்ஜுக்கு, கறிக் கலவையும் அதோடு. மறுநாளே தீர்த்துவிட வேண்டும். 8.05-க்குப் படகு ஓடிஜிக்குள் போனதும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு லஹ்மஜூன் சுருட்டிச் சாப்பிடுங்கள். 8.19-க்கு ஒருவர் எழுந்து முட்டை ஊற்றிவிட்டு வர வேண்டும். 8.22-க்கு படகு மேசைக்கு வரும்போது முள்கரண்டியும் வெண்ணெயும் அங்கே ஏற்கெனவே இருக்கட்டும். தேடப் போனால் சீஸ் காத்திருக்காது.